கையை மறைத்த எழுத்து

அத்தியாயம் 11

"சத்தம் வரலையே, அமலி."

மதலைமுத்து மூன்றாவது தடவையாக இதைச் சொன்னபோது மணி பதினொன்றரை. காலை எட்டரைக்கு லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தவர். வடநாட்டுக் குளிருக்குத் தலையில் குல்லா, கழுத்தில் மஃப்ளர், கால்மாட்டில் ஹீட்டர். காப்பியைக்கூட அமலிதான் கையில் கொண்டுவந்து திணிக்க வேண்டியிருந்தது.

அமலி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பாதி கிண்ணத்தில் விழுந்தது, பாதி தரையில் உருண்டது. அவள் மனம் பட்டாணியில் இல்லை.

மகன் ஆரோனுக்குப் பெண் பேசி முடித்துப் பன்னிரண்டு நாளாகிறது. பெண் எவாஞ்சலின், ஊர் பாளையங்கோட்டை, இங்கிருந்து ரயிலில் இரண்டு நாள். ஆரோனைப் போல அவளுக்கும் காது கேட்காது. சென்னையில் ஒரு தியான முகாமில் பார்த்துக்கொண்டவர்கள், ஒரு வருடம் போனில் கைகளால் பேசிவிட்டு, கடைசியில் விஷயத்தைப் பெரியவர்களிடம் விட்டார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, நேற்று அந்த மெயில் வரும்வரை.

"மாமா, அத்தை, ஜோஸ்லின், மூன்று பேருக்கும் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறேன். முழுதும் பார்த்து எனக்குப் பதில் சொன்ன பிறகு ஓலை கொடுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்."

அவ்வளவுதான். கீழே ஒரு லிங்க்.

நாளை ஞாயிறு. கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தால்தான் கல்யாணம். பதினெட்டாம் தேதி சாம்பல் புதன். அதோடு தவக்காலம் தொடங்கிவிடும், ஈஸ்டர் வரைக்கும் கல்யாணப் பேச்சே கிடையாது. எண்ணிப் பார்த்தால் சரியாக மூன்று ஞாயிறுதான் மிச்சம். ஓலைத் தாளை இன்று மாலை ஐந்து மணிக்குள் சாமியார் கையில் கொடுத்தாக வேண்டும்.

ஈஸ்டருக்குப் பிறகு வைத்துக்கொண்டால் என்ன என்று யாராவது கேட்கலாம். ஆரோனுக்கு இதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தங்களும் 'பிறகு பார்க்கலாம்' என்ற வார்த்தையில்தான் போயின. அந்த வார்த்தையை இன்னொரு தடவை கேட்க அமலிக்குத் தெம்பில்லை.

"மூணு தடவை கன்வெர்ட் பண்ணிட்டேன்" என்றார் மதலைமுத்து. "அந்தப் பிள்ளை அனுப்பின ஃபைல் இதுல திறக்கவே மாட்டேங்குது. ஸ்டுடியோ கேமராவுல எடுத்ததாம், ரெண்டு ஜிபி. சரின்னு இலவசமா மாத்துற சாஃப்ட்வேர் ஒண்ணைத் தேடிப் போட்டேன். மொதல்ல எம்பி ஃபோர். அப்புறம் ஏவிஐ. இப்ப இன்னும் என்னமோ ஒண்ணு. படம் வருது, சத்தம் வரலை. ஃபைலே கெட்டுப்போயிட்டு போல."

அமலி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். பச்சைச் சுடிதாரில் எவாஞ்சலின், முடியை இழுத்துக் கட்டியிருந்தாள். கைகள் அசைந்துகொண்டே இருந்தன.

அமலி திரையைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"ஏங்க, அந்தப் பிள்ளை வீடியோவுல என்ன சத்தம் வரும்னு காத்துக்கிட்டு இருக்கீங்க?"

மதலைமுத்துவின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"முப்பத்திநாலு வருஷம் ஸ்டெனோவா இருந்தவன் அமலி. காதுல விழுந்தாத்தான் எனக்கு விஷயம்."

"மூணு மணி நேரம்."

"ஸ்பீக்கர் வயரைக்கூட மாத்திப் பாத்தேன்" என்றார் அவர், பரிதாபமாக.

அமலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். காது கேட்காத பையனை இருபத்தெட்டு வருடம் வளர்த்த வீட்டில் இப்படி ஒரு கூத்து. சிரிப்பு அடங்கியதும் இருவருமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"சரி, முதல்லேர்ந்து ஓட்டுங்க. பாப்போம்."

அப்போதுதான் அமலி கவனித்தாள். படத்தின் குறுக்கே சாம்பல் நிறத்தில் பெரிய ஆங்கில எழுத்துகள், அந்த சாஃப்ட்வேரின் பெயர். முகத்துக்குக் கீழே, வயிற்றுக்கு மேலே, சரியாக நடு நெஞ்சில். எவாஞ்சலினின் கைகள் எங்கே பேசினவோ, அங்கே.

"இது என்ன?"

"அது அவங்க முத்திரையாம். காசு கட்டினாப் போயிருமாம். முகம் நல்லாத் தெரியுதுல்லா, அதான் நான் கண்டுக்கலை."

ஒரு நிமிடம் இருபது விநாடியில் படம் நின்றது. மூன்றில் ஒரு பங்கு வரைக்கும்தான் இலவசம், மீதிக்குப் பணம் என்று ஒரு பெட்டி எழுந்து வந்தது.

"இலவசம்னு பச்சையா, பெருசா ஒரு பட்டன் போட்டிருந்தான்" என்றார் மதலைமுத்து.

அமலி அதைக் கேட்கவில்லை. கடைசியாக உறைந்து நின்ற படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துகளுக்குப் பின்னால் எவாஞ்சலினின் வலது கை, இடது மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றிருந்தது.

அது அமலியின் பெயர்.

காது கேட்காதவர்கள் ஒவ்வொருவருக்கும் கையில் ஒரு பெயர் வைப்பார்கள். மகள் ஜோஸ்லினுக்குக் கன்னத்தில் ஒரு விரல், குழி விழும் என்பதால். மதலைமுத்துவுக்கு மூக்குக் கண்ணாடி. அமலிக்கு மணிக்கட்டு. ஆரோன் ஆறு வயதில் வைத்த பெயர். நர்ஸ் இல்லையா, நாடி பார்க்கிறது என்று அமலி மற்றவர்களுக்கு விளக்கம் சொல்லுவாள். நாடியை இரண்டு விரலால்தான் பார்ப்பார்கள், இப்படி முழுக் கையால் இறுக்கிப் பிடிப்பதில்லை என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை.

அந்த ஒன்றேகால் நிமிடத்தில் எவாஞ்சலின் ஐந்து தடவை அந்தப் பெயரைச் சொல்லியிருந்தாள்.

*

சனிக்கிழமை ஆரோனுக்கு அரை நாள். பன்னிரண்டே முக்காலுக்கு வந்தான். பையைக் கழற்றாமலே நின்றபடி வீடியோவைப் பார்த்தான். முகத்தை லேப்டாப்புக்குக் கிட்டே கொண்டுபோய், எழுத்துகளைத் தாண்டி எட்டிப் பார்ப்பவன் போல இன்னொரு தடவை பார்த்தான்.

அமலி அவன் முன்னால் வந்து, வாயை நன்றாக அசைத்துக் கேட்டாள். "என்ன சொல்லுதா?"

ஆரோன் போனில் ஆங்கிலத்தில் தட்டிக் காட்டினான். எல்லாம் சரி, எல்லோரையும் விசாரிக்கிறாள் என்று இருந்தது.

அமலி இருபத்தொன்பது வருடமாக நர்ஸ். வார்டுக்கு வெளியே நின்று 'எல்லாம் சரி' என்று சொல்லும் முகங்கள் எத்தனை பார்த்திருக்கிறாள். அவள் தன் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டி, ஐந்து விரலை விரித்தாள். அஞ்சு தடவை.

ஆரோன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எதிர் பிளாட் பால்கனியில் வெயில் வந்திருந்தது. நாலைந்து ரஜாய்கள், பஞ்சு வைத்த குளிர்காலப் போர்வைகள், காய்ந்துகொண்டிருந்தன.

பிறகு தட்டினான். கொஞ்சம்தான் இருக்கிறது, அதிலும் கை தெரியவில்லை, ஜோஸ்லின் வரட்டும்.

கை தெரிந்தால் மட்டும் எனக்கு என்ன புரிந்துவிடும் என்று அமலி நினைத்துக்கொண்டாள். வா, சாப்பிடு, மருந்து, போதும், கோயில், தூங்கு. இவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. அடுப்படிக் கை. மற்றதெல்லாம் ஜோஸ்லின் மூலம்.

கற்றுக்கொள்ளாமல் இருந்தது சோம்பலால் இல்லை. ஆரோனுக்கு இரண்டு வயதில், கையால் பேச விட்டால் பிள்ளை வாயால் பேசவே பேசாது என்று ஒரு டாக்டர் சொன்னார். அமலி அந்த வார்த்தையை மருந்துச் சீட்டைப் போல எடுத்துக்கொண்டாள். தினமும் கண்ணாடி முன்னால் அவனை மடியில் உட்காரவைத்து, இரண்டு மணிக்கட்டையும் ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அவன் விரல்களைத் தன் தொண்டையில் வைப்பாள். அம்மா சொல்லு. அப்பா சொல்லு. அவன் திமிறுவான். அவள் இன்னும் இறுக்குவாள். நாலு வருடம். 'அம்மா' மட்டும் வந்தது, அதுவும் அவளுக்கு மட்டும் புரிகிற மாதிரி.

எவாஞ்சலினுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது. மணிக்கட்டைப் பிடித்த கையோடு படம் நின்றுவிட்டது. 'இந்த அம்மா இருக்கிற வீட்டுக்கு நான் வர மாட்டேன்.' மீதி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"அவகிட்டயே கேக்கச் சொல்லேன்" என்றார் மதலைமுத்து.

"இன்னைக்குக் கோவில்பட்டியில ஒரு கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கப் போயிருக்காளாம். காலையில இவன் அனுப்பின மெசேஜுக்கு ஒத்தை டிக்குதான் இருக்கு."

மதலைமுத்து பர்ஸை எடுத்தார். "அப்ப காசைக் கட்டிருவோம். கார்டு நம்பர்தானே கேக்கான்."

ஆரோன் அவர் தோளைத் தட்டி, வேண்டாம் என்று தலையாட்டினான். கரோல் பாக்கில் மொபைல் ரிப்பேர் கடையில் இருக்கும் அர்ஜுனுக்கு வீடியோ கால் போட்டான். அர்ஜுனுக்கும் காது கேட்காது. இந்தப் பிள்ளைகளுக்கு வீடியோதான் கடிதம், வீடியோதான் அரட்டை. எதை எதாக மாற்றினால் கை தெளிவாகத் தெரியும் என்பது இவர்களுக்குத் தெரிந்த மாதிரி யாருக்கும் தெரியாது. மதலைமுத்து மூன்று மணி நேரம் தேடிய விடை பக்கத்து அறையில் தூங்கி எழுந்து ஆபீசுக்குப் போயிருந்தது.

திரையில் அர்ஜுன் கடைக் கவுண்டரில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் எதையோ உருட்டி, மேலே கீரைக்கட்டு மாதிரி விரித்துக் காட்டினான். பிறகு குடிக்கிற மாதிரி கையைத் தூக்கினான்.

"பழமா?" என்றாள் அமலி.

"ஜூஸ் குடிச்சிட்டு வந்து சொல்லுதானோ" என்றார் மதலைமுத்து.

ஆரோன் டைப் செய்த பக்கத்தில் ஒரு படம் வந்தது. அன்னாசிப்பழம், பக்கத்தில் ஒரு கிளாஸ். கீழே ஹேண்ட்பிரேக் என்று அந்த சாஃப்ட்வேரின் பெயர்.

"அது காருல இருக்கதுல்லா?"

"நீங்க சும்மா இருங்க."

இது உண்மையிலேயே இலவசம். முத்திரை குத்தாது, பாதியில் நிறுத்தாது என்று ஆரோன் தட்டிக் காட்டினான். மதலைமுத்து நம்பாமல் பக்கம் முழுதும் பச்சைப் பட்டனைத் தேடினார். ஒரு இடத்தில் ஆரோன் நிறுத்தி நிதானமாகப் பார்த்தான். ஒரு விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு அது. அதைக் குறைத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று அப்பா சைகை காட்டினார். ஆரோன் மாட்டேன் என்றான். ஒரு கையை வேகமாக அசைத்துக் காட்டி, நடுவில் சட்டென்று மறைத்து, வேறு இடத்தில் மறுபடி காட்டினான். குறைத்தால் நடுவில் உள்ள சொல் போய்விடும். மூலத்தில் உள்ளபடியே விட்டுவிட்டு, ஸ்டார்ட்டை அழுத்தினான்.

மணி இரண்டு பத்து. லேப்டாப்புக்கு ஏழு வயது. அது பெருமூச்சு விட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கியது. மூன்று சதவீதம். நாலு சதவீதம்.

*

ஏர்போர்ட் யூனிஃபார்மோடு ஜோஸ்லின் உள்ளே வந்தபோது அறுபத்தெட்டு சதவீதம்.

"க்யா ஹுவா? என்ன ஆச்சு? எல்லாரும் ஐசியூ வாசல்ல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?"

"ஏட்டி, சாப்பிட்டியா?" என்றாள் அமலி.

"நீங்க யாரும் சாப்பிடலைன்னு தெரியுது. பட்டாணி தரையில கிடக்கு." ஷூவைக் கழற்றிக்கொண்டே அண்ணனிடம் கைகளால் ஏதோ கேட்டாள். அவன் சுருக்கமாகப் பதில் சொன்னான். ஜோஸ்லினின் முகம் மாறியதை அமலி பார்த்துவிட்டாள்.

"என்ன சொன்னான்?"

"ஒண்ணுமில்லம்மா. முழுசா வரட்டும்."

"உங்களுக்குத் தம்பி ஒருத்தன் இருந்தாலும் அவனும் ஒண்ணுமில்லம்மான்னுதான் சொல்லுவான். இந்த வீட்டுல எனக்கு மட்டும் எப்பவும் ஒண்ணுமில்லை."

திரையில் எழுபத்தொன்று.

மூன்று முப்பத்தைந்துக்கு முடிந்தது. மூன்று பேரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். ஆரோன் மட்டும் பின்னால், சுவரோரம் நின்றான்.

இப்போது எவாஞ்சலினின் கைகள் கண்ணாடி துடைத்த மாதிரி தெரிந்தன. சுண்டு விரலில் போட்டிருந்த வெள்ளி மோதிரம் வரைக்கும். ஜோஸ்லின் பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

"மாமா, அத்தை, ஸ்தோத்திரம். சத்தத்தை நான்தான் எடுத்துவிட்டேன். ஸ்டுடியோவில் ஃபேன் இரைச்சல் என்றார்கள். நீங்கள் கையைப் பாருங்கள்."

மதலைமுத்து தரையைப் பார்த்தார்.

"அத்தை, ஆரோன் எல்லாம் சொல்லியிருக்கிறார். அத்தை அவரைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்தது, அத்தை அவர் கையைப் பிடித்தது..." ஜோஸ்லின் நிறுத்தினாள்.

"சொல்லு."

"எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எனக்கு ஸ்கேலால் அடி விழும். பேச்சும் வரவில்லை, கைக்கும் பயம் வந்துவிட்டது. பதினோரு வயதில்தான் அந்தப் பயம் விட்டது. அத்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. டாக்டர் சொன்னதைச் செய்தீர்கள். ஆனால் நாளைக்கு எனக்கு ஒரு பிள்ளை பிறந்தால், அதற்குக் காது கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி, அதன் கையை யாரும் பிடித்து வைக்கக் கூடாது. அதை அத்தை எனக்குச் சொல்ல வேண்டும். ஜோஸ்லின் சொல்லக் கூடாது, ஆரோனும் சொல்லக் கூடாது. அத்தையின் கை சொல்ல வேண்டும். தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை. அதைப் பார்த்த பிறகு ஓலை வாசிக்கட்டும்."

"நிறுத்து" என்றாள் அமலி.

ஜோஸ்லின் படத்தை நிறுத்தினாள்.

"கல்யாணத்துக்கு முன்னாலேயே கண்டிஷனா?" என்றார் மதலைமுத்து. குரலில் வேகமில்லை.

"அவ கேக்கதுல என்ன தப்பு?" அமலி எழுந்தாள். "நீங்க ஓலைத் தாளை எடுத்துக்கிட்டுக் கோயிலுக்குப் போங்க. வாசல்ல நில்லுங்க. நான் போன்ல சொன்ன பிறகு சாமிகிட்ட குடுங்க."

"நாலு மணி ஆகப்போகுது அமலி."

"அதான் இ-ரிக்ஷாவுல போங்கங்கேன்."

அவர் குல்லாவைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார். ஜோஸ்லின் அம்மாவின் அருகே வந்தாள். "நான் சொல்லித்தரேன்மா. 'நான் சத்தியம் பண்ணித் தரேன்'க்கு இப்படி. ரொம்ப ஈசி."

"வேண்டாம். நீ சொல்லித்தந்தா அது உன் கைதான். அவ கண்டுபிடிச்சிருவா."

"அப்ப என்ன சொல்லப்போறே?"

"தெரியலை. எனக்குத் தெரிஞ்ச அஞ்சாறை வச்சுத்தான் சொல்லணும்."

போனை ஆரோன் பிடித்தான். அமலி ஜன்னல் வெளிச்சத்தில் நின்றாள். முதல் தடவை கையைத் தூக்கிவிட்டுப் பாதியில் மறந்துபோனாள், அழித்தார்கள். இரண்டாம் தடவை வாய் முந்திக்கொண்டு பேசத் தொடங்கிவிட்டது. மூன்றாம் தடவை உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள்.

தன் இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள், ஆரோன் பிடிக்கிற மாதிரியே. நாடி என்று இத்தனை வருடம் சொல்லிவந்த பொய்யை அந்தப் பிடியில் அவளால் சொல்ல முடியவில்லை. பிறகு விரல்களை ஒவ்வொன்றாக விட்டாள். கையை அகலமாக விரித்தாள். போதும் என்று காட்டினாள், தட்டில் சோறு போதும் என்பதற்கு உள்ள அதே கை. கேமராவைப் பார்த்து, வா என்றாள். சாப்பிடு என்றாள்.

அவ்வளவுதான். பதினெட்டு விநாடி.

ஆரோன் போனைக் கீழே இறக்கவில்லை. அது அவன் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது. படத்தின் கடைசி இரண்டு விநாடி ஆடிப்போயிருந்ததைப் பிறகுதான் பார்த்தார்கள்.

"எந்த ஃபார்மேட்டுல அனுப்பட்டும், மேடம்?" என்றாள் ஜோஸ்லின், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"வாயை மூடிட்டு அனுப்பு."

ஒரு டிக். நாலு பதினைந்து. ஒரு டிக். நாலரை. மதலைமுத்து இரண்டு தடவை போன் செய்தார். சாமியார் உள்ளே யாருக்கோ பாவசங்கீர்த்தனம் கேட்கிறார், ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார் என்றார். அமலி ஜெபமாலையை எடுத்தாள், உருட்டாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

நாலு நாற்பத்தைந்துக்கு இரண்டாவது டிக் விழுந்தது. நீலமானது.

மூன்று விநாடி வீடியோ ஒன்று வந்தது. பின்னால் கல்யாண மண்டபத்துச் சீரியல் பல்புகள். கழுத்தில் கேமராவோடு எவாஞ்சலின், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அமலியின் பெயரைச் சொன்னாள், ஆனால் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. ஒரு விரலால் தொட்டுவிட்டு எடுத்தாள். பிறகு வயிற்றைத் தடவிக் காட்டினாள்.

அமலிக்கு ஜோஸ்லின் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "பசிக்குதாம்" என்றாள். "வாராளாம்."

மதலைமுத்து போனை எடுத்ததும் இவள் ஒரே சொல்லில் முடித்தாள். "குடுங்க."

நாலு ஐம்பத்திரண்டுக்கு அவர் திரும்ப அழைத்தார். சாமியார் தாளை வாங்கிப் புத்தகத்தில் வைத்துவிட்டாராம். நாளைக்கு எட்டு மணிப் பூசையில் முதல் ஓலை.

ஜோஸ்லின் அடுப்பைப் பற்றவைத்தாள். அமலி தரையில் கிடந்த பட்டாணியைப் பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டே லேப்டாப்பைப் பார்த்தவள் நின்றாள். எவாஞ்சலின் இன்னும் நிறுத்திய இடத்திலேயே இருந்தாள். கீழே உள்ள கோட்டில் ஓடாமல் ஒரு துண்டு பாக்கி இருந்தது.

"ஏட்டி, இது முடியலையே. அவ முழுசாப் பாக்கச் சொன்னாளே."

ஜோஸ்லின் வந்து தட்டிவிட்டாள். ஆரோன் ஒரு எட்டு முன்னால் வந்தான். வந்தவன் நின்றுவிட்டான்.

எவாஞ்சலினின் கைகள் இப்போது மெதுவாக அசைந்தன. ஜோஸ்லின் வழக்கம்போல் சொல்லத் தொடங்கினாள். "ஆரோன், இது உனக்கு. பாளையங்கோட்டையில் உனக்கு வேலை கிடைத்ததை, பதினேழாம் தேதி முதல் இங்கேயே இருக்கப் போகிறாய் என்பதை, ஓலைக்கு முன்னால் அத்தையிடமும் மாமாவிடமும் நீயே..."

அவள் குரல் தேய்ந்து நின்றது. படம் இருண்டது.

அமலி மகன் பக்கம் திரும்பினாள். வாயைத் திறக்கவில்லை. இரண்டு கையையும் விரித்து, தெரிந்த மட்டில், என்ன என்று கேட்டாள்.

ஒரு காலத்தில் அவள் எவ்வளவு இறுக்கியும் அடங்காத ஆரோனின் கைகள், யாரும் பிடிக்காமலே ஸ்வெட்டர் பைக்குள் போய்விட்டிருந்தன.